மயக்க ஊசிக்கு முன்னும் பின்னும்: நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஏழரை மணி. குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவரைத் தியேட்டருக்குள் படுக்க வைத்தாயிற்று. கையில் ட்ரிப்ஸ் ஓடுகிறது. "கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "நேத்து ராத்திரி எட்டு மணிக்கு சார்." "அப்புறம் ஒண்ணுமே இல்லையா?" "ஒண்ணுமில்ல சார். காலையில ஆறு மணிக்கு ஒரு டீ, ரெண்டு பொறை."

ஆபரேஷன் மத்தியானம் ஒரு மணிக்குத் தள்ளிப்போனது. வீட்டார் அவரைத் திட்டினார்கள். அவர் மேல் தப்பே இல்லை. "சாப்பிடக் கூடாது" என்று வார்டில் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்? "டீ, காபி, பொறை எதுவும் கூடாது" என்று பெயர் சொல்லிச் சொல்லாதது எங்கள் தப்பு.

பல வருடங்களாக மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவராக இருக்கிறேன். நான் பார்த்தவரை, ஆபத்து பெரும்பாலும் மருந்திலிருந்து வருவதில்லை, சொல்லாமல் விட்டதிலிருந்து வருகிறது. சொல்லாத டீ, சொல்லாத மாத்திரை, சொல்லாத வலி. எந்தக் கட்டத்தில் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும், ஏன் என்று வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும் நாள்

இதை "ஃபிட்னஸ் வாங்குவது" என்பார்கள். கையெழுத்துக்காகப் போகும் இடம் என்ற நினைப்பு அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. உண்மையில் ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் மிக முக்கியமான கால் மணி நேரம் அதுதான். பழைய ஆபரேஷன் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்கும்" என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.

அங்கே கேட்கும் சில கேள்விகள் சம்பந்தமில்லாதவை போலத் தெரியும். "மலைப்பாதையில் பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?" என்று கேட்போம். வரும் என்றால் ஆபரேஷனுக்குப் பிறகும் வாந்தி வர வாய்ப்பு அதிகம், முன்கூட்டியே ஊசி போட்டுத் தடுக்கலாம். "குறட்டை விடுவீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதுண்டா?" என்ற கேள்விக்குப் பதில் கூடப் படுப்பவருக்குத்தான் தெரியும், அவரையும் அழைத்து வாருங்கள். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வதும், கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்வதும் மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைப்பது சுலபமா, கஷ்டமா என்று அறிய. பாக்கும் குட்காவும் மென்று பழகியவர்களுக்கு வாய் இறுகி, மூன்று விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்காது. அது முதலிலேயே தெரிந்தால் வேறு கருவிகளோடு தயாராக இருப்போம். ஆடும் பல் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

குடிப்பழக்கத்தை மனைவி பக்கத்தில் இருக்கும்போது பலர் மறைக்கிறார்கள். அதனால் நான் தனியாக ஒருமுறை கேட்பேன். திட்டுவதற்காக அல்ல. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆபரேஷன் முடிந்த இரண்டு மூன்று நாளில் கை நடுக்கமும் குழப்பமும் வரலாம். சிகரெட்டை நான்கு வாரத்துக்கு முன்பே விட்டால் நுரையீரல் நன்றாகத் தேறும். அது முடியாவிட்டால் முந்தைய நாளாவது விடுங்கள், ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு குறைந்து ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்கும்.

அப்புறம், குடும்ப வரலாறு. உங்கள் அப்பா, அண்ணன், சித்தி யாராவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்பாமல் மணிக்கணக்கில் மெஷினில் இருந்ததுண்டா? சக்சினைல்கோலின் என்று ஒரு ஊசி உண்டு. தசையைச் சில நிமிடங்களுக்குத் தளர வைக்கும், ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதை உடனே கரைத்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி இருக்காது. சில நிமிட மருந்து அவர்களுக்குப் பல மணி நேரம் வேலை செய்யும். கோயம்புத்தூரில் ஆரிய வைசிய சமூகத்தினரிடையே நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. இந்த நொதி இல்லாதவர்கள் அந்தச் சமூகத்தில் மற்ற இடங்களைவிடப் பன்மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை. தெரிந்துவிட்டால் அந்த ஊசியைத் தவிர்த்து வேறு போடுவோம். தெரியாமல் போட்டுவிட்டாலும், மருந்து இறங்கும் வரை தூங்க வைத்து மெஷினில் மூச்சு கொடுத்தால் போதும். ஆனால் சொன்னால்தான் தெரியும். மயக்க மருந்தால் கடுமையான காய்ச்சலும் தசை விறைப்பும் வந்து குடும்பத்தில் யாராவது இறந்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். அதுவும் பரம்பரையாக வரக்கூடியது.

படி 2: எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நீங்களாக எதையும் தொடராதீர்கள். கீழே உள்ளது உங்கள் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்காக மட்டும்.

தைராய்டு, வலிப்பு, ஆஸ்துமா மருந்துகளைப் பொதுவாக அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரில் போடச் சொல்வோம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரலால், அட்டெனலால் வகையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளை அன்று காலை விட்டுவிடச் சொல்வதுண்டு, மயக்கத்தில் பிரஷர் அதிகமாக இறங்கிவிடும் என்பதால். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகள் தனிக் கதை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரெலை யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். நிறுத்தாமல் முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தின் அருகே ரத்தம் கட்டலாம். இதய டாக்டரும் மயக்க டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டியது இது.

சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று "கிளிஃப்ளோசின்" என முடியும் மாத்திரைகள் இப்போது ஏராளமானோர் வீட்டில் இருக்கின்றன. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. பெரிய ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இவற்றை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பட்டினி கிடக்கும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும். இதில் கொடுமை என்னவென்றால், சர்க்கரை அளவு அநேகமாகச் சரியாகவே காட்டும். நோயாளி வாந்தியும் மூச்சு வாங்கலுமாக இருப்பார், குளுக்கோமீட்டர் 160 காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. எடை குறைக்கப் போடும் செமாகுளுடைடு ஊசியையும் மறைக்காதீர்கள். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். சித்த மருந்து, நாட்டு மருந்து, ஜிம்மில் கொடுத்த பொடி எல்லாமே இந்தப் பட்டியலில் சேரும்.

படி 3: வெறும் வயிறு என்றால் என்ன

விழித்திருக்கும்போது வயிற்றிலிருந்து எதுக்களித்து வந்தால் இருமுவோம், துப்புவோம். மயக்கத்தில் அந்தக் காவல் இருக்காது. அமிலமும் உணவும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் வெந்துபோகும். அதனால்தான் இத்தனை கெடுபிடி.

கணக்கு இதுதான். பிரியாணி, பரோட்டா, எண்ணெயில் பொரித்தது என்றால் 8 மணி நேரம். இட்லி, இடியாப்பம் போன்ற லேசான உணவுக்கு 6 மணி நேரம். பால், பால் கலந்த டீ, காபி, மாவுப் பால் இவற்றுக்கும் அதே 6 மணி நேரம். கஞ்சி, மோரும் அப்படியே. தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீர், பால் சேர்க்காத வரக்காப்பி, சக்கையில்லாமல் வடிகட்டிய பழச்சாறு ஆகியவை 2 மணி நேரத்துக்கு முன்பு வரை கொடுக்கலாம்.

கடைசி வரியை நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். இரவு எட்டு மணியோடு எல்லாம் நிறுத்து என்று சொல்லிவிட்டு மறுநாள் மத்தியானம் ஆபரேஷன் செய்தால், பெரியவர்கள் எப்படியோ தாங்குவார்கள், குழந்தை தவித்துப்போகும். அழுது அழுது நாக்கு வறண்டு தியேட்டருக்கு வரும் குழந்தைகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. "எத்தனை மணி வரை தண்ணீர் கொடுக்கலாம்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கர்ப்பிணிகள், நாள்பட்ட சர்க்கரையால் வயிறு மந்தமானவர்கள், அவசர ஆபரேஷனுக்கு வருபவர்கள் ஆகியோருக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு டாக்டர் சொல்வதே கணக்கு.

தப்பித்தவறிக் குழந்தை பிஸ்கட் தின்றுவிட்டால் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

படி 4: அன்று காலை

நகப்பூச்சை அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் ஒளி அதைத் தாண்டிப் போக வேண்டும். கருகருவென்று மருதாணி வைத்திருந்தாலும் முன்கூட்டியே காட்டுங்கள், காது மடலில் மாட்டிக்கொள்ளலாம். பல் செட், கான்டாக்ட் லென்ஸ், மோதிரம், மூக்குத்தி, மெட்டி கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் பலர் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வருகிறார்கள், நல்ல ஏற்பாடு.

படி 5: எந்த வகை மயக்கம்

முழு மயக்கம், முதுகில் ஊசி, கை அல்லது கால் நரம்பை மட்டும் மரக்க வைப்பது, ஆபரேஷன் இடத்தில் மட்டும் மரப்பு ஊசி, லேசான தூக்கம். உங்களுக்கு எது, ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதில் முதுகு ஊசியைப் பற்றித்தான் நம் வீடுகளில் எத்தனை கதைகள். "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதுல இருந்து இடுப்பு வலி" என்று சொல்லாத தெரு கிடையாது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அருகே முடிந்துவிடுகிறது. நாங்கள் குத்துவது அதற்கும் கீழே, மூன்று, நான்காம் எலும்புகளின் பக்கம். ஊசி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருடக்கணக்கான இடுப்பு வலிக்குக் காரணம் பெரும்பாலும் கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகள், குழந்தையைத் தூக்கிக் குனிந்து நிமிர்வது, கூனி உட்கார்ந்து பால் கொடுப்பது. ஊசி போட்டுக்கொள்ளாமல் பிரசவித்தவர்களுக்கும் அதே வலி வருகிறது.

உண்மையான பக்க விளைவு வேறு, தலைவலி. 1898இல் முதன்முதலில் இந்த முறையைச் செய்து காட்டிய ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பீர், தனக்கே சோதித்துப் பார்த்து அந்தத் தலைவலியில் பல நாள் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் குறையும், இதுதான் அடையாளம். இப்போதைய மெல்லிய ஊசிகளில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. தலையணை வைக்காமல் மட்டமாகப் படுத்திருந்தால் வராது என்பது பழைய நம்பிக்கை, அதனால் தடுக்க முடியாது. வந்துவிட்டால் மாத்திரையோடு சமாளிக்கலாம், கடுமையானால் உங்கள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் செலுத்தி ஓட்டையை அடைக்கும் சிகிச்சை உண்டு.

ஊசி போடும்போது தாடையை நெஞ்சில் ஒட்டி, முதுகை நன்றாக வளைத்து அசையாமல் இருங்கள். முதலில் கால் சூடாகும், அப்புறம் எறும்பு ஊரும், அப்புறம் இரும்பு மாதிரி கனக்கும். தொடுவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியாது. வலி தெரிந்தால் பல்லைக் கடிக்காமல் சொல்லுங்கள், நாங்கள் உங்கள் தலைமாட்டிலேயே நிற்கிறோம். எந்த மரப்பு ஊசியானாலும் வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல் வந்தால் அந்த நொடியே சொல்ல வேண்டும். மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலப்பதன் முதல் அறிகுறி அது.

படி 6: தியேட்டருக்குள்

பெயர் என்ன, எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்று நான்கைந்து பேர் கேட்பார்கள். எரிச்சல்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலின்படி கேட்கிறார்கள். டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்ததில் ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2009இல் வெளியான முடிவு அது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி தந்த கொடை. அதன் "பீப்" சத்தம் ஆக்சிஜன் குறையக் குறைய சுருதி இறங்கும். தியேட்டரில் எங்கள் கண் எங்கே இருந்தாலும் காது அந்தச் சத்தத்தில்தான் இருக்கும். அரை சுருதி இறங்கினாலும் திரும்பிப் பார்ப்போம்.

படி 7: "லேசா தூங்க வைப்போம்" என்று சொன்னால்

எண்டோஸ்கோபி, குழந்தைக்குப் பல் வைத்தியம், ஸ்கேன். எல்லோரும் அசட்டையாக இருக்கும் இடம் இது, நான் அதிகம் கவலைப்படும் இடமும் இதுதான். லேசான தூக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை. ஒருவரைக் கண் சொருக வைக்கும் அதே அளவு, இன்னொரு மெலிந்த முதியவரின் மூச்சையே நிறுத்திவிடும். இப்படித் தூங்க வைக்கப் போடும், வெள்ளையாகப் பால் போல இருக்கும் புரொபோஃபாலின் வேகத்தை முறிக்கும் மருந்தே கிடையாது. மைக்கேல் ஜாக்சன் 2009இல் இறந்ததற்குக் காரணம் அந்த மருந்துதான். தியேட்டரில் தினமும் கையாளும் மருந்து, முறையான கண்காணிப்பு இல்லாமல் வீட்டுப் படுக்கையறையில் கொடுத்ததால் உயிரைப் பறித்தது.

ஆகவே இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். மருந்து கொடுத்த பிறகு மூச்சை மட்டும் பார்த்துக்கொள்ள தனியாக ஒருவர் இருப்பாரா? எண்டோஸ்கோபி செய்பவரே அதையும் பார்க்க முடியாது, அவர் கண் திரையில் இருக்கும். ஆக்சிஜன், சளி உறிஞ்சும் கருவி, மூச்சு கொடுக்கும் பை அதே அறையில் இருக்கிறதா? வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றாலும் விரல் கருவி கொஞ்ச நேரம் 99 என்றே காட்டும், கார்பன் டை ஆக்சைடு கருவியில் கோடு உடனே படுத்துவிடும். வெறும் வயிறு இதற்கும் பொருந்துமா என்றும் கேளுங்கள், அநேகமாகப் பொருந்தும்.

முடிந்த பிறகு 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, மது கூடாது, தனியாக இருக்கக் கூடாது. குழந்தையைப் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். தூங்கி விழும் தலை முன்னால் மடிந்தாலே மூச்சு அடைக்கும்.

படி 8: வலியைச் சொல்வது

கர்ப்பப்பை எடுத்த ஒரு அம்மாவை மறுநாள் காலை பார்க்கப் போனேன். "வலி எப்படிம்மா இருக்கு?" "பரவாயில்ல சார்." இருமச் சொன்னேன். வாயைத் திறந்தார், இருமல் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. இரவெல்லாம் மூச்சை மேலோட்டமாகவே விட்டிருக்கிறார். சிஸ்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பொறுத்திருக்கிறார்.

பொறுத்துக்கொள்வதைப் பெருமையாகச் சொல்லி வளர்த்துவிட்டோம். ஆபரேஷன் வலியைப் பொறுத்தால் ஆழமாக மூச்சு விட முடியாது, சளி தேங்கி நிமோனியா வரும். எழுந்து நடக்க முடியாது, காலில் ரத்தம் உறையும். அடக்காத வலி நாள்பட்ட வலியாகவும் மாறக்கூடும். 0 முதல் 10 வரை எத்தனை என்று கேட்டால், படுத்திருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை என்று இரண்டையும் சொல்லுங்கள்.

எண் வராவிட்டால் தமிழில் சொல்லுங்கள். வலிக்கு நம்மிடம் இருக்கும் சொற்கள் எங்களுக்குப் பாதி நோயறிதல். குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, விண் விண் என்று தெறிக்கிறது, சுருக்கென்று இழுக்கிறது. எரிகிறது, கரண்ட் அடித்த மாதிரி பாய்கிறது, எறும்பு ஊர்கிறது என்றால் அது அநேகமாக நரம்பு வலி. அதற்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது, ப்ரீகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்ற வேறு மருந்து வேண்டும். தையல் ஆறி 3 மாதம் கழித்தும் அந்த இடம் எரிந்தால் சர்ஜனிடம் மட்டும் அலையாமல் வலி சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மருந்துகளில், ஒரே மருந்தை அதிகமாகக் கொடுப்பதைவிட இரண்டு மூன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே இப்போதைய வழி. பாரசிட்டமால் அடித்தளம். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள், எடை குறைந்தவர்களுக்கு இன்னும் குறைவு. அசிக்ளோபினாக், டிரமடால் என்று எழுதிய பல மாத்திரைகளுக்குள்ளும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குழந்தைக்கு ஒரு வேளைக்கு எடை கிலோவுக்கு 15 மி.கி. வரை, 6 மணி நேர இடைவெளியில். 10 கிலோ என்றால் 150 மி.கி. சிரப் 5 மில்லியில் 120, 125 மி.கி. என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 இருக்கும். சமையலறை ஸ்பூனால் அளக்காதீர்கள். டைக்ளோபினாக் வகை சிறுநீரகத்தையும் வயிற்றுப் புண்ணையும் பதம் பார்க்கும், மெடிக்கலில் "செட்டு மாத்திரை" வாங்கி விழுங்காதீர்கள். நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழ் இந்தியாவில் 2011 முதல் தடை.

மார்ஃபின் என்றதும் அடிமையாகிவிடுவோம் என்ற பயம் வருகிறது. ஆபரேஷன் வலிக்குச் சில நாள் கொடுப்பதில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. கவனிக்க வேண்டியது வேறு, அளவு மிஞ்சினால் முதலில் தூக்கம் அதிகமாகும், அதன் பிறகே மூச்சு குறையும். தட்டி எழுப்பினாலும் எழாமல் குறட்டை விட்டால் "பாவம், நல்லா தூங்கட்டும்" என்று விட்டுவிடாமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். தூக்க மாத்திரையையும் மதுவையும் இதோடு சேர்க்கவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர் டிரமடாலுக்கு முன் சொல்ல வேண்டும்.

புற்றுநோய் வலியில் மார்ஃபின் மாத்திரை உயிர்த்துணை. போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது கிடைக்காமல் துடித்தவர்கள் எத்தனையோ பேர். 2014இல் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டதற்குப் பின்னால் பலரின் நீண்ட உழைப்பு இருக்கிறது. அவர்களில் முக்கியமானவர் கேரளத்தின் எம்.ஆர். ராஜகோபால், அவரும் ஒரு மயக்கவியல் மருத்துவர்.

படி 9: வீட்டுக்குப் போன பிறகு

மூச்சுத் திணறல், எழுப்ப முடியாத தூக்கம், நிற்காத வாந்தி, எழுந்தால் மண்டை பிளக்கும் தலைவலி, முதுகு ஊசிக்குப் பிறகு கால் மறுபடி மரத்துப்போவது அல்லது சிறுநீர் போக முடியாமை, காய்ச்சலோடு முதுகுவலி. இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அவசரம் என்றால் 108ஐ அழையுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போது மயக்க மருந்து விவரத்தையும் அதில் எழுதித் தரக் கேளுங்கள். என்ன மருந்து, குழாய் வைப்பதில் சிரமம் இருந்ததா, எதற்காவது ஒவ்வாமை வந்ததா என்று நான்கு வரி போதும். அதை மொபைலில் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த முறை உங்களைத் தியேட்டருக்குக் கொண்டுவரும்போது நீங்கள் பேசும் நிலையில் இல்லாமல் இருக்கலாம். அப்போது என்னைப் போன்ற ஒருவர் உங்கள் வீட்டாரிடம் முதலில் கேட்பது அந்த நான்கு வரியைத்தான்.